எந்தக் குறை மாறும்?

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்கு முன்னால் அணிகள் இளம் வீரர்களை எடைபோடும் விதத்தைப் பார்க்கும்போதெல்லாம், ஒரு வீரரிடம் என்ன குறை என்று கண்டுபிடிப்பதில் காட்டும் அக்கறையை, அந்தக் குறை மாறக்கூடியதா என்று யோசிப்பதில் பல அணிகள் காட்டுவதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

மே மாதத்தில் சிகாகோவில் நடக்கும் கம்பைன் என்ற உடல்திறன் சோதனை முகாமில் காலணி இல்லாத உயரம், விரித்த கைகளின் நீளம், நின்ற இடத்திலிருந்து கை எட்டும் உயரம், எம்பும் உயரம், ஓட்ட வேகம் எல்லாம் எண்களாகிவிடும். இவற்றில் கையின் நீளத்தை நான் மதிக்கிறேன். எந்தப் பயிற்சியாலும் அதைக் கூட்ட முடியாது. ஆனால் 2007 டிராஃப்டுக்கு முந்தைய சோதனையில், 185 பவுண்டு எடையை, அதாவது ஏறத்தாழ 84 கிலோவை, கெவின் டுராண்டால் பெஞ்ச் பிரஸ்ஸில் (மல்லாந்து படுத்து எடை தூக்குவதில்) ஒரு முறைகூடத் தூக்க முடியவில்லை என்பது அப்போது பெரும் பேச்சானது. பதினெட்டு வயதுப் பையனுக்கு உடல் வலு பின்னால் வந்து சேராதா என்ன? போர்ட்லாந்து முதலிடத்தில் கிரெக் ஓடனை எடுத்தது, சியாட்டில் இரண்டாவதாக டுராண்டை எடுத்தது. ஓடன் முதல் பருவம் தொடங்கும் முன்பே முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் போனார். மொத்தமே 105 ஆட்டங்கள்தான் ஆடினார். டுராண்ட் நான்கு முறை, பருவத்தில் ஆட்டச் சராசரியில் அதிகப் புள்ளிகள் எடுத்தவர் ஆனார்.

அணிகளுக்கு முன்னால் வீரர்கள் தனியாக ஆடிக்காட்டும் பயிற்சி அமர்வுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தடுக்க ஆளில்லாத அரங்கில் யார்தான் நன்றாக ஆட மாட்டார்கள்? அதே 2007இல் சீன வீரர் யி ஜியன்லியன் ஒரு நாற்காலியை எதிராளியாக வைத்துப் பயிற்சி காட்டினார் என்ற பேச்சு இன்றும் கேலிப் பொருளாகவே இருக்கிறது.

குறையைச் சரியாக எடைபோட்டதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் 2011இல் கவாய் லெனார்ட். கை நீளம், தடுப்பாட்டம், பந்தைக் கைப்பற்றும் வெறி எல்லாம் இருந்தும், தொலைவிலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிதலில் அவர் கல்லூரியில் தடுமாறினார். பதினைந்தாவதாக அவரை எடுத்த இண்டியானா, அன்றிரவே சான் அன்டோனியோவுக்குக் கொடுத்துவிட்டு ஜார்ஜ் ஹில்லை வாங்கிக்கொண்டது. சான் அன்டோனியோவிடம் சிப் எங்கெல்லண்ட் என்ற எறிதல் பயிற்சியாளர் இருந்தார்; பந்தைப் பிடிக்கும் நிலையையும் விடுவிக்கும் இடத்தையும் சற்றே மாற்றினால் போதும் என்ற கணக்கு அங்கே செல்லுபடியானது. 2014 இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் லெனார்ட்தான்.

பின்னாளில் லீகின் மிகச் சிறந்த வீரராகத் தேர்வான நிகோலா யோகிச்சின் கதை வேறு வகை. கனத்த உடம்பு, குறைந்த எம்பல் என்ற குறைகள் இருந்தன; இன்றும் அவர் எம்பிக் குதிப்பவர் அல்லர். ஆட்டத்தை முன்கூட்டியே படித்துப் பந்தைக் கொடுக்கும் அறிவுக்கு முன்னால் அந்தக் குறை பொருட்டாகவே இல்லை. 2014இல் டென்வர் அவரை நாற்பத்தொன்றாவதாக எடுத்தபோது, அதைக் காட்டாமல் தொலைக்காட்சியில் டாகோ பெல் என்ற உணவகத்தின் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

ஆகவே தேர்வு அறையில், இளம் வீரர்களைத் தேடிப் பார்த்து எடைபோடும் ஸ்கவுட்களுக்குச் சமமாகப் பயிற்சியாளர்களும் உட்கார வேண்டும் என்பேன். இண்டியானாவை நான் முட்டாள் அணி என்று சொல்ல மாட்டேன்; ஹில் தொடக்க வீரராக ஆடிய அந்த அணி 2013இலும் 2014இலும் கிழக்குப் பிரிவின் இறுதிவரை போனது. ஆனால் லெனார்ட் அங்கேயே இருந்திருந்தால் அவருடைய எறிதல் இதே அளவுக்குத் திருந்தியிருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.