பக்கத்து பெஞ்சுக்காரி கேட்ட கேள்வி

கடலூரில் ஒரு கல்லூரியில் சங்கப் பாட்டு நடத்துகிறேன். கட்டுரை நோட்டு திருத்துவதில் எனக்கு நீண்ட நாள் மனக்குறை. ராத்திரி கண் விழித்துச் சிவப்பு மையில் எழுதித் தந்தால், பிள்ளைகள் மார்க்கை மட்டும் பார்த்துவிட்டு நோட்டை மூடிவிடுவார்கள்.

சரி, ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்கட்டும் என்று போன வருஷம் நோட்டை மாற்றிக் கொடுத்தேன். 10க்கு மார்க் போடவும் சொன்னேன். அதுதான் நான் செய்த தப்பு. நண்பனுக்கு 9, சண்டைக்காரனுக்கு 4. கீழே எல்லாருக்கும் 'அருமை'.

இந்த வருஷம் மார்க்கும் கிடையாது, 'அருமை'யும் கிடையாது. படித்தவர் ஒரே ஒரு கேள்வி எழுத வேண்டும், அவ்வளவுதான்.

குறுந்தொகை 40, 'யாயும் ஞாயும்'. ஐந்தே அடி. செம்மண்ணில் பெய்த மழைபோல காதலர் இருவர் நெஞ்சும் பிரிக்க முடியாமல் கலந்தன என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். எல்லா நோட்ஸிலும் இருக்கிற வரி. நானாக இருந்தால் டிக் போட்டுத் தாண்டியிருப்பேன். அதைப் படித்தவள் பண்ருட்டிப் பக்கம், முந்திரிக் கொல்லை வைத்திருக்கும் வீட்டுப் பெண். "எங்க கொல்லையில மழைத்தண்ணி செவசெவன்னு ஓடும். குடத்துல புடிச்சு வச்சா விடியறதுக்குள்ள மண்ணு அடியில தங்கிடும். அப்போ இவங்களும் பிரிஞ்சிடுவாங்களா?" என்று கேட்டு எழுதிவிட்டாள்.

எழுதியவளுக்குக் கோபம். இரண்டு நாள் பேச்சில்லை. அப்புறம் பதில் தேடி, பாட்டை யார் எந்தச் சூழலில் சொன்னார் என்று பாட்டோடு வரும் துறைக் குறிப்புக்குப் போயிருக்கிறாள். பெரும்பாலும் நாம் நின்று படிக்காத இடம். 'பிரிவர்' என்று அஞ்சிய தலைவியின் குறிப்பறிந்து தலைவன் சொன்னது என்கிறது அது. கொல்லைக்காரப் பெண்ணுக்கு வந்த சந்தேகம்தான் தலைவிக்கும்! இது காதல் பெருமிதம் இல்லை, பயந்துபோனவளைத் தேற்றுகிற பேச்சு என்று கட்டுரையை மாற்றி எழுதினாள். இத்தனை வருஷம் நடத்தியும் எனக்கு அந்தக் குடம் தோன்றியதே இல்லை.

இதெல்லாம் வெளிநாட்டு முறை என்று ஆசிரியர் அறையில் ஒருவர் சலித்துக்கொண்டார். நன்னூல் பாயிரம் என்ன சொல்கிறது? ஆசான் சொல்லி வருவது கால் பங்கு. உடன் படிப்பவரோடு பழகி வருவது இன்னொரு கால். மிச்சம் அரைப் பங்கு, பிறருக்கு நாமே எடுத்துச் சொல்லும்போது. பவணந்தியாரின் இந்த நூற்பாக்களை மனப்பாடம் செய்ய வைக்கிற நாமே, வகுப்பில் பிள்ளைகள் ஒருவரோடொருவர் பேசினால் அதட்டுகிறோம்.

குறை இல்லாமல் இல்லை. சிலர் 'இங்கே ஒற்று மிகுமா?' என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். ஒற்றை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ பாட்டைக் கேள் என்று சொல்லியிருக்கிறேன். இந்த வாரம் பண்ருட்டிப் பெண்ணின் நோட்டு கைமாறுகிறது. இப்போதே பயந்துபோய் இருக்கிறாள்.