எடைக்குப் போடச் சொன்ன லேப்டாப்

கல்லிடைக்குறிச்சி வீட்டில் பரணை ஒதுக்கும்போது தங்கச்சியின் பழைய லேப்டாப் கிடைத்தது. 2012ல் அவள் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்தது, 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். அப்பள ஆர்டர் கணக்கு எழுத ஒன்று வேண்டும் என்று அத்தை ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், சரி இதையே தேற்றிக் கொடுப்போம் என்று ஜங்ஷன் பக்கம் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். ஆன் ஆனது, ஆனால் எந்த வெப்சைட்டும் திறக்கவில்லை. "போர்டு போயிட்டு அண்ணாச்சி, எடைக்குப் போட்டுட்டு புதுசு வாங்கிருங்க."

வீட்டுக்கு வந்து உற்றுப் பார்த்தால் மூலையில் தேதி 2009 என்று இருக்கிறது! உள்ளே காசு மாதிரி ஒரு சின்ன பேட்டரி உண்டு, சிஆர் 2032, அதுவும் தீர்ந்து, லேப்டாப்பின் பெரிய பேட்டரியும் செத்திருந்தால், சார்ஜரைப் பிடுங்கியதும் தேதி பழசுக்கு ஓடிவிடும். வெப்சைட்டுகள் நிஜமானவைதான் என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழ் எல்லாம் சமீபத்தில் கொடுத்தது, மெஷினோ 2009ல் உட்கார்ந்திருக்கிறது, பிரவுசர் எப்படி நம்பும்? 40 ரூபாய் பேட்டரியில் போர்டு பிழைத்துக்கொண்டது.

அப்புறம் ஓஎஸ், அதாவது மெஷினை இயக்கும் அடிப்படை மென்பொருள். உள்ளே இருந்த விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோடு அப்டேட் நின்றுவிட்டது, 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது, 11 குறைந்தது 4 ஜிபி ராமும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும் கேட்கும். அதனால் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் ஓஎஸ்களில் ஒன்றான டெபியன் 13ஐ பென் டிரைவில் ஏற்றிப் போட்டேன். வைஃபை சிப்பை அது கண்டுகொள்ளவே இல்லை, போனைக் கேபிளில் சொருகி டெதரிங்கில் நெட் கொடுத்து டிரைவரை இறக்க வேண்டியதாயிற்று, நடுவில் கரண்ட் வேறு போய் முதலில் இருந்து ஆரம்பித்தேன். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அதைவிட வேகமான எஸ்எஸ்டி மாட்டியதுதான் உண்மையில் பெரிய வித்தியாசம். அப்படியும் பிரவுசரில் நாலு டேப் திறந்தால் மூச்சு வாங்குகிறது, அதை மறைக்கவில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. அந்த லேப்டாப் வரும்போதே விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது, மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் செய்தது, அதுவும் டெபியனை அடிப்படையாக வைத்துத்தான். வாங்கின வாரமே 300 ரூபாய் கொடுத்து அதை அழித்துவிட்டு, திருட்டு விண்டோஸ் அல்டிமேட் போட்டுக்கொண்டு வந்தவன் நான்தான். தெருவில் லேப்டாப் வாங்கின பிள்ளைகள் அத்தனை பேர் வீட்டிலும் இதே கதை. இது என்ன, எதற்கு என்று பள்ளிக்கூடத்தில் ஒரு பீரியடாவது யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால் அவ்வளவு மெஷின் பரணுக்கும் பழைய இரும்புக்கும் போயிருக்காது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். மெஷினைக் கொடுத்தார்கள், அதைப் பழக்கிவிட ஆள் இல்லை.

அத்தைக்கு இந்த வயிற்றெரிச்சல் எதுவும் கிடையாது. "இதுல தமிழ் அடிக்கலாமாய்யா?" என்று மட்டும் கேட்டார்கள். தமிழ்99 கீபோர்டு போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, பத்து நிமிசத்தில் முதல் வரி: உளுந்து 5 கிலோ.