அலுவலகம் எழுத வேண்டிய கடிதத்துக்கு நான் ஏன் பெங்களூரு போக வேண்டும்?

ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெங்களூருவில் கார் ஓட்டியவள் நான். ஓசூர் சாலையின் காலை நெரிசலிலும், ஆண்டுதோறும் சித்திரைத் திருவிழாவுக்குச் சேலம், திண்டுக்கல் வழியாக மதுரைக்கு வரும் நெடுஞ்சாலையிலும் ஓர் அபராதச் சீட்டுக்கூட வாங்காமல் ஓட்டியிருக்கிறேன். அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதானதால் 2023இல் குடும்பத்தோடு மதுரைக்கே திரும்பிவிட்டோம். 2004 ஆகஸ்டில் பெங்களூருவில் வாங்கிய என் ஓட்டுநர் உரிமம் 2024 ஆகஸ்டில் முடிய இருந்தது. முடிவதற்கு இரண்டு மாதம் இருக்கும்போதே, நாற்பது வயதைக் கடந்தவர்கள் தர வேண்டிய மருத்துவச் சான்று உட்பட எல்லாக் காகிதங்களையும் எடுத்துக்கொண்டு இங்குள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் ஒன்றுக்குப் போனேன். அன்று தொடங்கிய அலைச்சல் இன்னும் ஓயவில்லை.

முதல் நாளே கிடைத்த பதில், "உங்க பேரே சிஸ்டத்துல இல்லைம்மா" என்பதுதான். நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் உள்ள உரிமங்களின் விவரங்கள் இப்போது 'சாரதி' என்ற மென்பொருளில் இருக்கின்றன. மாநிலக் குறி, அலுவலக எண், ஆண்டு, அதன்பின் ஏழு இலக்கங்கள் என்ற வடிவில் எண்ணைக் கொடுத்தால்தான் அது விவரத்தைக் காட்டும். என் கையில் இருப்பதோ, அந்தக் காலத்தில் லேமினேஷன் செய்து கொடுத்த அட்டை. அதில் ஒரு வரிசை எண்ணும், சாய்கோடும், ஆண்டும் மட்டுமே இருக்கின்றன. மாநிலம் என்ற இடத்தில் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்தாலும் விவரம் வரவில்லை, கர்நாடகத்தைத் தேர்ந்தெடுத்தாலும் வரவில்லை. பழைய பதிவேட்டிலிருந்து என் உரிமத்தைக் கணினியில் ஏற்றும் வேலையை யாரும் செய்யவில்லை. அந்த வேலைக்கு 'பேக்லாக் என்ட்ரி' என்று பெயர் என்பதையும், உரிமம் கொடுத்த அலுவலகம்தான் அதைச் செய்ய முடியும் என்பதையும், அதைச் செய்ய வைத்து, கூடவே ஒரு என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று) வாங்கிக்கொண்டு வர வேண்டும் என்பதையும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என் முகத்தைப் பார்க்காமலே சொல்லி முடித்தார்.

வீட்டுக்கு வந்து சட்டத்தை எடுத்துப் படித்தேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, ஓரிடத்தில் வழங்கிய உரிமம் இந்தியா முழுவதும் செல்லும் என்கிறது. எந்த உரிமம் வழங்கும் அதிகாரியும் அதைப் புதுப்பிக்கலாம் என்று 15ஆம் பிரிவு சொல்கிறது. அதே பிரிவின் 6ஆம் உட்பிரிவு, புதுப்பிக்கும் அதிகாரியும் முதலில் வழங்கிய அதிகாரியும் வேறு வேறாக இருந்தால், புதுப்பித்தவரே அந்தத் தகவலை வழங்கியவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அதாவது, ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்துக்கு எழுத வேண்டும். தபாலையே நம்பியிருந்த காலத்தில் எழுதிய சட்டமே அந்தப் பொறுப்பை அலுவலகத்தின் தலையில்தான் வைத்தது. கணினி வந்த பிறகு அது எப்படி என் தலைக்கு மாறியது என்று நான் கேட்ட கேள்விக்கு, "மேல கேளுங்க" என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை. மேலே இருந்தவர் அன்று விடுப்பு.

மதுரைக்கும் பெங்களூருவுக்கும் இடையே 430 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. அப்பாவைத் தங்கை பொறுப்பில் விட்டுவிட்டு, மாட்டுத்தாவணியில் இரவுப் பேருந்து ஏறி, விடிந்ததும் அங்கே போய் நின்றேன். நான் உரிமம் வாங்கிய பகுதி இப்போது வேறோர் அலுவலகத்தின் எல்லைக்குள் போய்விட்டது என்று அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள். அந்த வேறோர் அலுவலகத்தில், 2004ஆம் ஆண்டுப் பதிவேடுகள் பழைய இடத்திலேயே கட்டிப் போடப்பட்டுக் கிடக்கின்றன என்றார்கள். எனக்குக் கன்னடம் நன்றாகவே வரும். எனவே மொழி தெரியாததால் வந்த குழப்பம் என்று யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம். இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே ஆட்டோவில் மூன்று முறை போய்வந்து, மாலை நான்கரை மணிக்கு, "பதினைந்து நாள் கழித்து வாருங்கள்" என்ற சொல்லோடு திரும்பினேன். பதினைந்து நாள் கழித்து மறுபடியும் போனேன். பதிவேடு கிடைத்திருந்தது. என் பெயர் இருந்த பக்கத்தை என் கண்ணாலேயே பார்த்தேன், என் கையெழுத்தும் ஒட்டிய புகைப்படமும் அப்படியே இருந்தன. அதைக் கணினியில் ஏற்றும் அதிகாரம் உள்ளவர் பயிற்சிக்குப் போயிருக்கிறார் என்றார்கள்.

மூன்றாம் முறையில் ஒருவழியாக ஏற்றினார்கள். இங்கே வந்து பார்த்தால் பெயர் பொருந்தவில்லை. தமிழ்நாட்டில் நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இன்ஷியல்தான் உண்டு. ஆதாரில் என் பெயருக்கு முன் அப்பாவின் முதலெழுத்து இருக்கிறது. அங்கே ஏற்றியவர் அப்பாவின் முழுப்பெயரை என் பெயருக்குப் பின்னால் சேர்த்துவிட்டார். இரண்டும் ஒரே ஆள்தான் என்று பிறப்புச் சான்றும் பள்ளிச் சான்றும் காட்டினாலும் இங்கே ஏற்கவில்லை. திருத்தத்துக்கு மறுபடியும் பெங்களூரு போகச் சொல்கிறார்கள். கோடிக்கணக்கான தமிழர்கள் இன்ஷியலோடு வாழும் மாநிலத்தின் அலுவலகத்துக்கே இன்ஷியல் புரியவில்லை என்றால் நான் யாரிடம் போய் விளக்குவது?

அன்று வெளியே வந்தபோது வேப்ப மரத்தடியில் நின்ற புரோக்கர் ஒருவர், என் கையிலிருந்த காகிதங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "யக்கா, நீங்க எங்கயும் அலைய வேணாம். ஆறாயிரம் குடுங்க, நாலே நாள்ல கையில கார்டு வரும்." புதுப்பித்தலுக்கு விதிகள் சொல்லும் கட்டணம் 200 ரூபாய், அட்டைக்கு இன்னொரு 200 ரூபாய். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஜன்னலுக்கு உள்ளே முடியவே முடியாது என்ற வேலை, சுவருக்கு வெளியே நான்கே நாளில் முடியும் என்றால், முடியாது என்ற சொல் பொய். அந்தப் பொய்க்காக நான் மூன்று இரவுகள் பேருந்தில் உட்கார்ந்தபடியே விழித்திருந்தேன். பணம் கொடுக்க மாட்டேன் என்று அந்தத் தம்பியிடம் சொல்லிவிட்டேன். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை; அவருக்கு அந்த மரத்தடியில் இடம் உண்டாக்கிக் கொடுத்தவர்கள் மீதுதான் கோபம்.

இதற்கிடையில் உரிமம் காலாவதியாகிவிட்டது. செல்லுபடியாகும் உரிமம் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம். அதைவிடப் பெரிய பயம், ஏதாவது விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும் என்பது. ஆகவே கார் வாசலில் துணி போர்த்தி நிற்கிறது. அப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அது முடிந்து வெளியே வரும்போது அவருக்கு நிற்கவே தெம்பு இருக்காது. அந்த நிலையில் அவரைச் சாலையோரத்தில் உட்கார வைத்துவிட்டு ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டு நிற்கிறேன். பங்குனி வெயிலில் ஒரு நாள் இருபத்தைந்து நிமிடம் நின்றோம். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, என் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

உரிமம் முடிந்து ஓராண்டு கடந்துவிட்டால், புதுப்பிக்க வேண்டுமென்றாலும் மறுபடியும் ஓட்டிக் காட்டித் தேர்வில் தேற வேண்டும் என்பது 2019 திருத்தத்துக்குப் பிந்தைய சட்டம். காலாவதிக்கு இரண்டு மாதம் முன்பே போய் நின்ற எனக்கு, அந்தக் கெடுவுக்கு இன்னும் சில வாரங்களே மிச்சம்.

போன திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்துக்குப் போய் மனு கொடுத்தேன். எந்தச் சட்டப் பிரிவின்படி என்னை வேறு மாநிலத்துக்கு அனுப்புகிறார்கள் என்பதை எழுத்தில் தர வேண்டும், வேறு எதுவும் எனக்கு வேண்டாம் என்று அதில் எழுதியிருந்தேன். ரசீது கொடுத்தார்கள். நேற்று கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. நடவடிக்கைக்காக என் மனுவை, நான் எந்த அலுவலகத்தைப் பற்றிப் புகார் எழுதினேனோ அதே அலுவலகத்துக்கு அனுப்பி வைத்திருக்கிறார்கள்.