"விடுங்க, ஜாலிக்குத்தானே ஆடுறோம்!"

நேற்றும் சாஃப்ட்பாலில் தோற்றோம். 23-க்கு 2. ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்ததும் அம்பயர் போதும் என்று கையைக் காட்டிவிட்டார். ஐந்து இன்னிங்ஸுக்குப் பிறகு 15 ரன் வித்தியாசம் இருந்தால் அத்தோடு ஆட்டத்தை முடித்துவிடலாம் என்பது எங்கள் லீக் விதி. மெர்சி ரூல் என்று பெயர், அதாவது பாவம் பார்த்து வீட்டுக்கு அனுப்பிவைப்பது. சாஃப்ட்பால் மொத்தம் 7 இன்னிங்ஸ். அந்த ஆறாவதும் ஏழாவதும் எப்படி இருக்கும் என்று இந்த சீசனில் எங்கள் ஆபீஸ் அணியில் ஒருவருக்கும் தெரியாது.

தோற்றதற்காக நான் இவ்வளவு கொதிக்கவில்லை. தோற்பது பழகிவிட்டது. ஆட்டம் முடிந்து நான் பேஸ்களை, அதாவது ஓடுகிறவர்கள் மிதிக்க வேண்டிய மெத்தைகளை, பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்து தோளில் தட்டி, "விடுங்க சார், ஜாலிக்குத்தானே ஆடுறோம்" என்றார் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டது. ஏனென்றால் அவர் மைதானத்துக்கு வந்ததே நாலாவது இன்னிங்ஸில்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் 22 பேர். புதன்கிழமை "சனிக்கிழமை யார் யார் வருகிறீர்கள்?" என்று கேட்டால் 17 கட்டை விரல் வந்து விழும். சனிக்கிழமை காலை போன் போட்டால், ஒருவருக்கு முதுகு வலி, ஒருவருக்கு உறவினர் வருகை, ஒருவர் எடுக்கவே மாட்டார், இன்னொருவர் "ஓ, இன்னைக்கா?" என்பார். அந்தக் கட்டை விரல் எதற்கு என்று கேட்டால் "மெசேஜ் பார்த்துட்டேன்னு அர்த்தம்" என்கிறார்கள். நேற்று நேரத்துக்கு வந்தவர்கள் ஆறு பேர். நாங்கள் ஆடுவது ஸ்லோ பிட்ச், அதாவது பந்தை மெதுவாக வளைத்து வீசுகிற சாஃப்ட்பால்; அதில் ஃபீல்டிங்குக்கே பத்துப் பேர் வேண்டும். எட்டுப் பேர் இருந்தால் ஆரம்பிக்கலாம் என்று எங்கள் லீக்கில் விட்டுக்கொடுப்பார்கள், ஆனால் வராதவரின் முறை பேட்டிங்கில் வரும்போதெல்லாம் அவுட் என்று எழுதிக்கொள்வார்கள். ஆக, வீட்டில் தூங்கிக்கொண்டே அவுட் ஆகிற ஆட்கள் எங்களிடம் உண்டு. கடைசியில் எதிரணியிடமே போய் இரண்டு பேரைக் கடன் கேட்டேன். அவர்களும் சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். நாங்கள் எடுத்த இரண்டு ரன்னில் ஒன்று அந்தக் கடன் ஆள் அடித்ததில் வந்தது, இதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, வந்தவர்களாவது ஆடினார்களா?

எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்கள், அதனால் கை கால் தங்கள் இஷ்டத்துக்கு வேலை செய்கிறது. பந்தை அடித்ததும் மட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு முதல் பேஸுக்கு ஓடுகிறார்கள். அங்கே போய் மட்டையைத் தரையில் வைத்துத் தேய்க்கிறார்கள்! அது கிரீஸ் இல்லை ஐயா, காலால் மிதிக்க வேண்டிய பேஸ். இன்னொருவருக்கு லேட் கட் ஆசை. அழகாகத் திருப்பிப் பின்னால் தட்டிவிட்டுக் கைதட்டலுக்காகப் பார்க்கிறார், அது ஃபவுல், கோட்டுக்கு வெளியே போன பந்து. இதைவிடக் கொடுமை, உள்ளுக்குள்ளேயே உருளுகிற பந்தை அடித்துவிட்டு "நோ! நோ!" என்று கத்தியபடி, மட்டை பிடித்த இடமான ஹோம் பிளேட்டிலேயே நிற்பது. இங்கே பந்து கோட்டுக்குள் போனால் ஓடியே தீர வேண்டும், ரன் வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமையே கிடையாது. பந்தை எடுத்தவர் நிதானமாக முதல் பேஸுக்கு எறிந்தார், அவுட். நம்மவர் அம்பயரிடம் போய், "நான்தான் ஓடவே இல்லையே, எப்படி ரன் அவுட்?" என்று வாதாடுகிறார். நான் முகத்தை க்ளவ்வால் மூடிக்கொண்டேன்.

டேக் அப் விதியை எட்டுத் தடவை விளக்கியிருக்கிறேன், ஒரு தடவை வெள்ளைப் பலகையில் படம் போட்டுக்கூட. பந்து மேலே போய்ப் பிடிபட்டால், கிளம்பிய பேஸுக்குத் திரும்பி வந்து தொட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும். எல்லோரும் தலையாட்டினார்கள். நேற்று பந்து வானத்தில் இருக்கும்போதே மூன்று பேரும் மூன்று பேஸிலிருந்து தலைதெறிக்க ஓடினார்கள். பந்து பிடிபட்டது, திரும்ப வருவதற்குள் இன்னொருவரும் அவுட். ஒரே பந்தில் இரண்டு அவுட், அத்தோடு இன்னிங்ஸும் முடிந்தது.

பேட்டிங் இன்னும் வயிற்றெரிச்சல். பந்து 50 அடி தூரத்திலிருந்து கைக்குக் கீழாக, வளைந்து, தலைக்கு மேலே எழும்பி இறங்கி வருகிறது. ஒரு ஆள் கொட்டாவி விட்டு முடிக்கிற அளவுக்கு நேரம் இருக்கிறது. அப்படியும் நம் ஆட்கள் பந்து பாதி வழி வருவதற்குள் மட்டையை வீசி முடித்துவிடுகிறார்கள். பட்டால் மைதானத்துக்கு வெளியே போக வேண்டும், இல்லாவிட்டால் படவே வேண்டாம் என்று ஒரு வைராக்கியம். எதிரணியில் தொந்தியும் தொப்பியுமாக ஒரு பெரியவர், ஒவ்வொரு தடவையும் ஷார்ட்ஸ்டாப்புக்கும் (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவில் நிற்கிற ஃபீல்டர்) மூன்றாவது பேஸுக்கும் நடுவில் சும்மா தட்டிவிட்டு, நடந்தே முதல் பேஸுக்குப் போய்ச் சேர்ந்தார். நாலு தடவை. நாலு தடவையும் அதே சந்தில்.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அந்தப் பந்தும் மென்மையானது இல்லை. 12 அங்குலச் சுற்றளவு, கிரிக்கெட் பந்தைவிடக் கனம். "சாஃப்ட்பால்தானே, க்ளவ் எதுக்கு?" என்று வெறுங்கையை நீட்டிய தம்பி இப்போது ஒரு வாரமாக இடது கையால் டைப் அடித்துக்கொண்டிருக்கிறான்.

பந்து வீசுகிற பிச்சர் யார் என்று கேட்கிறீர்களா? எங்கள் மேனேஜர். நன்றாக வீசுகிறார் என்பதற்காக இல்லை, மேனேஜர் என்பதற்காக. முதல் இன்னிங்ஸில் கண்டபடி வீசி, வரிசையாக ஆறு பேரை அடிக்காமலே முதல் பேஸுக்கு நடக்கவிட்டார். மூன்று பேஸும் நிரம்பிய பிறகு ஒவ்வொரு நடைக்கும் ஒரு ரன், அதாவது எதிரணி மட்டையைத் தூக்காமலே மூன்று ரன் எடுத்துவிட்டது. மாற்றலாமா என்று என்னைப் பார்க்கிறார்கள். நீங்களே போய்ச் சொல்லுங்களேன்! வருட மதிப்பீடு எழுதுகிற கையிடமிருந்து நான் பந்தைப் பிடுங்க வேண்டுமாம்.

பயிற்சிக்கு வாருங்கள் என்றால், "ரொம்ப சீரியஸா எடுத்துக்காதீங்க" என்று உபதேசம் வேறு. 1887-இல் சிகாகோவில் ஒரு படகு கிளப்புக்குள் இந்த ஆட்டத்தை முதன்முதலில் ஆடியவர்கள் சுருட்டிக் கட்டிய பாக்ஸிங் க்ளவ்வைப் பந்தாகவும் துடைப்பக் கட்டையை மட்டையாகவும் வைத்துக்கொண்டார்கள். அதுவும் ஜாலிக்குத்தான். அந்த ஆட்டம் 41-40 என்று முடிந்ததாகச் சொல்வார்கள். அன்றைக்குத்தான் பிறந்த ஆட்டத்தை துடைப்பத்தால் ஆடி நாற்பது ரன். எங்களிடம் அலுமினிய மட்டை இருக்கிறது, இரண்டு ரன்.

ஆனால் டி-ஷர்ட் விஷயத்தில் மட்டும் யாரும் ஜாலியாக இல்லை. நீலமா, கறுப்பா, முதுகில் செல்லப் பெயரா, சொந்தப் பெயரா என்று மூன்று வாரம் குழுவில் சண்டை. போட்டோ எடுத்த நாளில் 22 பேரும் அரை மணி நேரம் முன்னாலேயே ஆஜர். இன்னும் கொஞ்சம் நேரம் நின்றால் ஒரு பயிற்சி போட்டுவிடலாம் என்று நான் பையிலிருந்து பந்தை எடுத்து நிமிர்வதற்குள் மைதானம் காலி.

இந்தக் கேப்டன் பதவியை நான் கேட்டு வாங்கவில்லை. முதல் கூட்டத்தில் விதிப் புத்தகத்தைப் படித்துவிட்டு வந்த ஒரே முட்டாள் நான், அவ்வளவுதான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை.

இரண்டு வாரம் முன்னால் ஐந்தே பேர் வந்தோம். கடன் கேட்கவும் வெட்கமாக இருந்தது, ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டோம். அப்படி விட்டுக்கொடுத்தால் இன்னிங்ஸுக்கு ஒரு ரன் கணக்கில் 7-0 என்று பதிவாகும். அன்று மாலை ஸ்கோரைக் குழுவில் போட்டேன். மைதானத்துக்கு வராத ஒருவரிடமிருந்து உடனே பதில்: "சூப்பர் சார், இந்த சீசன்லயே ஏழு ரன்ல தோத்தது இப்பத்தான். நல்லா இம்ப்ரூவ் ஆயிட்டோம்."

கீழே பதினாலு கட்டை விரல்.