தாத்தா படம் போதும், தாமிரக் கணக்கைக் காட்டுங்கள்

ஆர்கானிக் ஒயின் புட்டிகளைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் ஏறக்குறைய ஒரே கதைதான் எழுதியிருக்கும். நான்கு தலைமுறையாக ஒரு குடும்பம், மலைச்சரிவில் திராட்சைத் தோட்டம், கறுப்பு வெள்ளைப் படத்தில் மீசை வைத்த ஒரு தாத்தா, கூடவே ‘ரசாயனம் இல்லை’ என்று ஒரு வரி. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தோட்டத்தைப் பற்றி நான் தெரிந்துகொள்ள விரும்பும் எண் மட்டும் அதில் இருக்காது. எக்டேருக்கு வருஷம் எத்தனை கிலோ தாமிரம் தெளித்தீர்கள்?

ஆர்கானிக் தோட்டத்தில் தாமிரமா என்று கேட்பவர்களுக்கு, ஆமாம். திராட்சைக்குப் பூச்சியைவிடப் பெரிய தலைவலி பூஞ்சண வகை நோய்கள். அதிலும் அடிச்சாம்பல் நோய் 1870களின் கடைசியில் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது. ஐரோப்பியக் கொடிகளுக்கு அதை எதிர்க்கும் சக்தி கிடையாது. ஈரமும் வெதுவெதுப்பும் சேர்ந்தால் இலையின் அடியில் வெள்ளை படரும், இலை காயும், பிஞ்சு சுருங்கி உதிரும். கவனிக்காமல் விட்டால் அந்த வருஷ விளைச்சலே போய்விடும்.

அதற்கு மருந்து கிடைத்த கதை சுவையானது. பிரான்ஸின் மெடாக் பகுதியில் சாலையோரக் கொடிகளில் மட்டும் மயில்துத்தமும் (தாமிரம் உள்ள நீல உப்பு) சுண்ணாம்பும் கலந்து பூசி வைப்பார்கள். வழியில் போகிறவர்கள் பழத்தைப் பறித்துத் தின்றுவிடக் கூடாது என்பதற்காக. நீலம் பூத்துக் கிடக்கும் குலையைப் பார்த்தால் யாருக்குக் கை வைக்கத் தோன்றும்? போர்டோ பேராசிரியர் மில்லார்டே 1882ல் ஒன்றைக் கவனித்தார். உள்ளே இருக்கும் வரிசைகள் நோயில் இலை உதிர்த்து நிற்க, ரோட்டோரக் கொடிகள் மட்டும் பச்சையாக இருந்தன. 1885ல் அவர் முறையை வெளியிட்டார். இன்றைக்கும் தோட்டக்காரர்கள் பயன்படுத்தும் போர்டோ கலவை அதுதான். திருடனுக்காகப் பூசியது உலகம் முழுக்கத் திராட்சைக்கு மருந்தாகிவிட்டது.

ஆர்கானிக் விதிகள் செயற்கைப் பூஞ்சணக் கொல்லிகளைத் தடுக்கின்றன. தாமிரத்தையும் கந்தகத்தையும் அனுமதிக்கின்றன, அவை கனிமங்கள் என்பதால். சிக்கல் என்னவென்றால் தாமிரம் இலைக்குள் ஊடுருவாது, மேலேதான் ஒட்டியிருக்கும். நல்ல மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும், மறுபடி தெளிக்க வேண்டும். மழைக்காலம் நீண்டுவிட்ட வருஷங்களில் பக்கத்துச் சாதாரணத் தோட்டத்தைவிட ஆர்கானிக் தோட்டத்தில்தான் டிராக்டர் அதிக முறை ஓடும். (சாதாரணத் தோட்டக்காரர்களும் தாமிரம் தெளிக்கிறவர்கள்தான், அவர்களை உத்தமர்களாக்க இதை எழுதவில்லை.)

தெளித்த தாமிரம் எங்கே போகும்? எங்கேயும் போகாது. அது தனிமம், சிதையாது. மேல்மண்ணிலேயே தங்கி, வருஷா வருஷம் சேர்ந்து, மண்புழுவுக்கும் நுண்ணுயிர்களுக்கும் கெடுதலாக மாறும். ஐரோப்பிய ஒன்றியம் நடத்திய மண் ஆய்வின் முடிவுகள் 2018ல் வந்தன. எல்லா வகை நிலங்களையும் சேர்த்த சராசரி, கிலோ மண்ணுக்குச் சுமார் 17 மில்லிகிராம் தாமிரம். திராட்சைத் தோட்டங்களில் மட்டும் சுமார் 49. நூறு வருஷத்துக்கு மேல் தெளித்ததெல்லாம் அப்படியே கிடக்கிறது. அதனால்தான் 2019லிருந்து அங்கே எக்டேருக்கு 7 வருஷத்தில் மொத்தம் 28 கிலோதான் என்று வரம்பு வைத்தார்கள். சராசரி வருஷத்துக்கு 4 கிலோ. மழை அதிகமான வருஷத்தில் கொஞ்சம் கூடலாம், வறண்ட வருஷத்தில் குறைத்துச் சரிக்கட்ட வேண்டும்.

‘குடும்பத் தோட்டம்’ என்பதற்கு நான் மதிப்புக் கொடுப்பது இந்த ஒரு இடத்தில்தான். பாசத்தால் ஒயின் ருசியாகிவிடாது. ஆனால் பத்துப் பதினைந்து வருஷத்தில் நிலத்தை விற்றுவிட்டுப் போகப்போகிற முதலீட்டாளருக்கு, மண்ணில் தங்கும் தாமிரம் அடுத்தவன் பிரச்சினை. பெண்ணிடமோ பையனிடமோ தோட்டத்தை ஒப்படைக்கப் போகிறவர்களுக்கு அது வீட்டுக் கடன் மாதிரி, பிள்ளைகள் தலையில்தான் விழும். அப்படி யோசிக்கிறவர்கள் தெளிப்பைக் குறைக்க நிறைய செய்கிறார்கள். குலையைச் சுற்றிக் காற்றோட்டம் வர இலைகளைக் கையால் கிள்ளுகிறார்கள். கவாத்து செய்யும்போதே குலைகள் நெருங்காதபடி பார்த்துக்கொள்கிறார்கள். சிதறும் மருந்தைப் பிடித்துத் திரும்பப் பயன்படுத்தும் தெளிப்பான் வாங்குகிறார்கள். நாள்காட்டியைப் பார்க்காமல் வானிலையைப் பார்த்துத் தெளிக்கிறார்கள்.

இதெல்லாம் ஆள்வேலை, நேரம் தின்னும் வேலை. குடும்பத் தோட்டத்தில் அதைச் செய்வது யார்? பெரும்பாலும் அம்மா, பையன், மருமகள். அவர்கள் உழைப்புக்குக் கூலி எந்தக் கணக்கிலும் ஏறாது. ‘எல்லாம் எங்கள் கையாலேயே’ என்று பெருமையாக எழுதும்போது, அந்தக் கைக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வியும் எனக்கு வருகிறது.

அப்புறம் பாகப்பிரிவினை. பிரான்ஸில் 1804ன் நெப்போலியன் சட்டத் தொகுப்பு பிள்ளைகளுக்குச் சம பங்கு என்றது. நியாயமான சட்டம்தான். ஆனால் தலைமுறை தோறும் பிரித்தால் நிலம் என்ன ஆகும்? பர்கண்டியில் க்ளோ த வூஷோ என்ற மதில் சூழ்ந்த தோட்டம் மொத்தமே சுமார் 50 எக்டேர். உரிமையாளர்கள் ஏறக்குறைய 80 பேர். ஆளுக்குச் சில வரிசைகள் வைத்துக்கொண்டு ஒருவர் ஆர்கானிக் செய்தால், பக்கத்துக்காரர் அடிக்கும் மருந்து காற்றில் பறந்து இவர் கொடியில் விழும். ஓர வரிசைப் பழத்தைத் தனியாகப் பறித்துத் தனியாக விற்க வேண்டிய நிலையெல்லாம் வரும்.

ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்ஃபைட்டைப் பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: ஐரோப்பாவில் 2012 அறுவடைக்கு முன்பு வரை ‘ஆர்கானிக் ஒயின்’ என்றே போட முடியாது, ‘ஆர்கானிக் திராட்சையில் செய்த ஒயின்’ என்றுதான் போடலாம். இப்போது இனிப்பில்லாத சிவப்பு ஒயினுக்கு லிட்டருக்கு 100 மில்லிகிராம் வரை அனுமதி, சாதாரண ஒயினுக்கு 150. அமெரிக்காவில் ‘ஆர்கானிக் ஒயின்’ என்று போட, சல்ஃபைட் சேர்க்கவே கூடாது.

என் உண்மையான மனத்தாங்கல் வேறு. தாமிரத்தைப் பெருமளவு குறைக்க வழி ஏற்கெனவே இருக்கிறது. நோயைத் தாங்கும் கலப்பின ரகங்கள். ஜெர்மனியில் ரீஜென்ட் 1967லும் சொலாரிஸ் 1975லும் உருவாக்கப்பட்டவை. இவற்றுக்குத் தெளிப்பு மிகக் குறைவாகவே தேவைப்படும். ஆனால் பெயர்பெற்ற பகுதிகளில் எந்த ரகத்தை நடலாம் என்பதற்கே விதி உண்டு. ஷாம்பெயின் பகுதி வோல்டிஸ் என்ற ஒரு ரகத்தைச் சோதனை முறையில் ஏற்றுக்கொண்டதே 2022ல்தான். விதி இடம் கொடுத்தாலும் வீடு இடம் கொடுக்காது. தாத்தா நட்ட கொடியைப் பிடுங்க மனசு வராது. பெயர் தெரியாத ரகத்தை யாரும் வாங்கமாட்டார்கள் என்ற பயம். புதுக் கொடி காய்க்க மூன்று வருஷமாவது ஆகும், அதுவரை வருமானம் இல்லை. இந்தக் கவலைகளில் ஒன்றுகூடப் பொய்யில்லை. ஆனாலும் புட்டியில் இருக்கும் அந்தப் படமே மண்ணைக் காப்பாற்றக் குறுக்கே நிற்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தாத்தாவின் அப்பா, வேரைத் தாக்கும் வேர்ப்பேன் பூச்சி வந்து கொடிகளெல்லாம் அழிந்தபோது, அமெரிக்க வேரில் ஒட்டுக் கட்டி மாற்றிக்கொண்டவர்தானே? அப்போது அதைப் பரம்பரைக்கு இழுக்கு என்று நினைத்திருந்தால் இன்றைக்குத் தோட்டமே இருந்திருக்காது.

நேரில் தோட்டம் பார்க்கப் போகிறவர்கள், ருசி பார்க்கும் மேசையில் இதைக் கேட்டுப் பாருங்கள். போன மழை வருஷத்தில் எத்தனை கிலோ தாமிரம் போனது? ஏழு வருஷக் கணக்கில் மீதி எவ்வளவு? கணக்கு இல்லை என்று சொல்ல முடியாது, சான்றிதழ் ஆய்வுக்கு வருகிறவரிடம் காட்ட எழுதி வைத்தே ஆக வேண்டும். முகம் சுளிக்காமல் நோட்டை எடுத்துக் காட்டுகிற வீட்டில் நான் புட்டி வாங்குவேன். அந்த வருஷம் 4 கிலோவைத் தாண்டியிருந்தாலும் சரி, ஏன் தாண்டியது என்று சொல்லத் தெரிந்தால் போதும்.