“மங்கையராகப் பிறப்பதற்கே” பாரதியார் பாட்டு அல்ல

மார்ச் 8, மகளிர் தினம் நெருங்கினால் போதும், முண்டாசும் மீசையுமாகப் பாரதியார் படம், அதன் கீழே “மங்கையராகப் பிறப்பதற்கே நல்ல மாதவம் செய்திட வேண்டும் அம்மா” என்ற வரி, வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். நாகர்கோவிலில் ஒரு மகளிர் குழுவின் பேனரிலேயே அப்படிப் பார்த்தேன். மனசு வலித்தது.

இது தவறு. அந்த வரி கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையுடையது. 1876-ல் நம் குமரி மாவட்டத்துத் தேரூரில் பிறந்தவர். ‘மலரும் மாலையும்’ தொகுப்பைப் புரட்டினால் பாட்டு முழுவதும் இருக்கிறது. “தோட்டத்தில் மேயுது வெள்ளைப்பசு” என்று நம் பிள்ளைகளைப் பாட வைத்தவரும் இவர்தான்.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியவில்லை. மருமக்கள் வழி முறையில் சொத்து சகோதரியின் மகனுக்குப் போக, கட்டிய மனைவியும் பெற்ற பிள்ளைகளும் கைவிடப்பட்ட நாஞ்சில் நாட்டில் இருந்து எழுதியவர் அவர். அவருடைய ‘மருமக்கள்வழி மான்மியம்’ என்ற கவிதை நூல் அந்தக் கொடுமையை ஒரு மனைவியின் வாய்மொழியாகவே சொல்கிறது. அந்த மண்ணில் நின்று “மாதவம்” என்று சொன்னதற்குத் தனி கனம் உண்டு.

பாட்டின் அடுத்த வரியை யாரும் பகிர்வதில்லை: “பங்கயக் கைந்நலம் பார்த்தலவோ இந்தப் பாரில் அறங்கள் வளரும் அம்மா.” பங்கயக் கை என்றால் தாமரை போன்ற கை. தோவாளையில் விடியும் முன்னே பிச்சிப்பூ தொடுக்கும் ஒரு அம்மாவின் விரல்களைப் பார்த்தபோதுதான் “கைந்நலம்” எனக்குப் புரிந்தது. வாழைநார் முடிச்சு விழும் வேகத்தில் கண் தொடர முடியவில்லை.

அந்தப் படம் உங்களுக்கு வந்தால், கவிமணி பெயரைப் போட்டுத் திருப்பி அனுப்புங்கள். இரண்டாவது வரியையும் சேர்த்து.