வானுக்குள் இருந்து பார்த்த நுவரெலியா

இனி யாராவது "குடும்பமாய் வான் பிடித்து நுவரெலியா போவோம்" என்று வாய் திறக்கட்டும், பார்க்கிறேன்!

விடிய நாலு மணிக்கு வெளிக்கிடுவதாகத்தான் பேச்சு. வான் படலையைத் தாண்டும்போது ஏழரை. சனி அப்போதே ஏறிவிட்டது. இது சுற்றுலாவா, வீடு மாறுவதா? தலையணை, றைஸ் குக்கர், புட்டு, மூன்று பிளாஸ்க். அம்மிக்கல் ஒன்றுதான் குறை.

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நிற்பது சரி. (நிற்காமல் போக எனக்கும் பயம்தான்.) ஆனால் கச்சான் வாங்க முக்கால் மணித்தியாலமா? அது என்ன, நகையா? றம்பொடை வளைவுகளில் ஒரு சின்னன் சத்தி எடுக்க, மற்றதுகளும் கூட்டுச் சேர்ந்துகொண்டன. மாமி எல்லார் மூக்கிலும் தேசிக்காய் தேய்த்தார். சாரதியையும் விடவில்லை.

ஒருவழியாக 1868 மீற்றர் உயரத்துக்கு ஏறியாயிற்று. இறங்குவோமா? "ஐயோ, குளிர் பிள்ளை, கண்ணாடியைப் பூட்டு!" குளிருக்குத்தானே அப்பா இவ்வளவு தூரம் வந்தோம்? 1873இல் கட்டிய கிரகரி வாவியை வானுக்குள் இருந்தபடியே ஒரு சுற்று. "எங்கட தொண்டைமானாறும் இப்பிடித்தானே கிடக்கு" என்றார் சித்தப்பா. சீதையம்மன் கோயிலில் மட்டும் எல்லாரும் இறங்கினார்கள். அப்புறம் ஹக்கல பூங்காவுக்குப் போனால், வாசல் பூட்டு.

நேற்றுச் சித்தப்பா கேட்கிறார், அடுத்த லீவுக்கு எல்ல போவோமா என்று. மாமி தேசிக்காய் பிடுங்கத் தொடங்கிவிட்டார்.